நூலக அறிவியல் படிக்கும்போதே தொழில்முறைச் சங்கங்களில் சேர்வதால் பயன் உண்டா?

முதுகலை நூலக அறிவியல் முதலாம் ஆண்டு படிப்பதாகவும், பேராசிரியர் சங்கத்தில் சேரச் சொல்வதாகவும், மூத்த மாணவர்களோ அது பணத்துக்கும் நேரத்துக்கும் கேடு என்று தடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் படித்த காலத்தில் இருந்ததைப் போல நீங்களும் சென்னைக்கு வெகுதொலைவிலுள்ள ஒரு கல்லூரியில், பதிவுக் கட்டணத்துக்காக வீட்டில் கை நீட்டத் தயங்கும் நிலையில் இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நான் எந்தச் சங்கத்திலும் பொறுப்பில் இல்லை. ஆகவே ஆள் சேர்க்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை.

சான்றிதழுக்காகச் சேர்வதென்றால் உங்கள் மூத்த மாணவர்கள் சொல்வதே சரி. நான் சென்ற நேர்முகத் தேர்வுகளில் என் கோப்பிலிருந்த கருத்தரங்குச் சான்றிதழ்களை ஒருவரும் புரட்டிப் பார்த்ததில்லை. கல்லூரிப் பணிக்கான தகுதித் தேர்வுகளான நெட் அல்லது செட் தேர்ச்சி உண்டா, நூலகப் பணிகளுக்கான கோஹா மென்பொருளில் வேலை செய்திருக்கிறீர்களா என்பவைதாம் அவர்கள் கேட்ட கேள்விகள்.

எனக்குப் பயன் கிடைத்தது வேறு வழியில். இரண்டாம் ஆண்டில், நூலகர் சங்கம் ஒன்று எங்கள் கல்லூரியோடு சேர்ந்து நடத்திய இரண்டு நாள் கருத்தரங்கில் பதிவு மேசையில் அமர்ந்து, வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பையும் குறிப்பேடும் கொடுக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. கட்டுரை வாசிக்க வந்த தோழிகள் அதை எடுபிடி வேலை என்று கேலி செய்தார்கள். ஆனால் அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு மேடை மட்டுமே தெரியும்; பதிவு மேசையில் இருப்பவருக்கு வந்த ஒவ்வொருவரின் பெயரும் ஊரும் பணியிடமும் தெரிந்துவிடும்.

மதிய உணவுக்குப் பிறகு, அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றின் நூலகர் எங்கள் மேசைக்கு வந்து, “ஏம்மா, பாமினியில் அடித்த பட்டியலை யூனிகோடாக மாற்ற உங்களில் யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டார். அவருடைய நூலகத்தின் தமிழ் நூல் பட்டியல் முழுவதும் எக்செல் கோப்பில் பழைய எழுத்துருவில் இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். அதைக் கோஹாவில் ஏற்ற வேண்டுமானால் முதலில் யூனிகோடாக்கி, பிறகு நூலகப் பதிவுகளைக் கணினி படிப்பதற்கான மார்க் வடிவத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு நூற்படியின் பார்கோடையும் 952 என்னும் புலத்தில் பொருத்த வேண்டும். நான் ஓரளவு செய்திருக்கிறேன் என்றேன். அந்தக் கோடை விடுமுறையில் தினப்படி கொடுத்து என்னை அழைத்துக்கொண்டார்.

அங்கே கற்றதை எந்த வகுப்பிலும் நான் கற்கவில்லை. ‘மு. வரதராசன்’ என்று ஒரு பதிவு, ‘வரதராசனார், மு.’ என்று இன்னொன்று, ‘மு.வ.’ என்று மற்றொன்று எனப் பட்டியலில் ஒரே ஆசிரியர் மூன்று பேராகக் கிடந்தார். குடும்பப் பெயர் இல்லாத தமிழ்ப் பெயர்களை ஒரே தலைப்பின்கீழ் எப்படிக் கொண்டுவருவது, புனைபெயரிலிருந்து இயற்பெயருக்கு எப்போது வழிகாட்டுக் குறிப்பு இடுவது என்பதையெல்லாம் அந்த நூலகர் பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொன்றாகத் திருத்திக் காட்டினார். பட்டியலாக்கத்தாளில் நான் வாங்கிய மதிப்பெண் நல்ல மதிப்பெண்தான். இருந்தாலும் பட்டியலாக்கம் எனக்குப் புரிந்தது அந்த அறையில்தான்.

பின்னாளில் ஒரு கல்லூரியில் நூலகர் இடம் காலியானபோது அறிவிப்பை எனக்கு அனுப்பி, தயங்காமல் விண்ணப்பிக்கச் சொன்னவரும் அவரே. இதைப் படித்துவிட்டு, ‘ஆக, சிபாரிசு இருந்தால்தான் வேலை என்கிறீர்கள்’ என்று யாராவது பின்னூட்டம் இடக்கூடும். அவருக்கு என் குடும்பமோ சாதியோ தெரியாது. என் வேலை தெரியும். அவர் யாரிடமும் எனக்காகப் பேசவில்லை. மற்றவர்களைப் போலவே நானும் விண்ணப்பித்து, நேர்முகத்தில் அமர்ந்துதான் தேர்வானேன். ஆனால் நூலகர் பணி அறிவிப்பு ஒரு நாளிதழின் மூலையில் ஒரு நாள் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும் என்பதை வேலை தேடியவர்கள் அறிவார்கள். அதைப் பார்த்துச் சொல்ல ஒருவர் இருப்பது சிறிய காரியமில்லை.

சங்கம் என்றாலே பொன்னாடையும் குழுப்படமும்தான் என்று நினைக்கும் மாணவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பார்த்தது அதைத்தான். இருந்தாலும் நாம் படிக்கும் இந்தப் படிப்பையே தமிழ்நாட்டில் தொடங்கியது ஒரு சங்கம் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். 1928இல் சென்னை நூலகச் சங்கம் அமைந்தபோது, கணிதப் பேராசிரியராக இருந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் அதன் செயலாளரானார். நூலகர்களைப் பயிற்றுவிக்க இங்கே துறை எதுவும் இல்லாத காலத்தில், 1929இல் சங்கமே கோடைக்காலப் பயிற்சிப் பள்ளியை நடத்தியது. 1931இல் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும், ரங்கநாதனின் நூலக அறிவியல் ஐந்து விதிகள் 1931இலும், நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் அவருடைய கோலன் பகுப்பு முறை 1933இலும் நூலாக வந்தது அந்தச் சங்கத்தின் வெளியீடாகத்தான். வேலை செய்ய இடம் கொடுத்த சங்கம் அது. இன்றைய சங்கங்களிலும் அப்படி ஒரு மூலை எங்கே இருக்கிறது என்று தேடிப் போய் அமர வேண்டும்.

இனி, உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. மாணவர்களை வரவேற்பதாகக் கூறும் கருத்தரங்குகளில் முதல் நாள் காலை முழுவதும் வாழ்த்துரைகளுக்கே போய்விடும். மாணவர் கட்டுரைகளை இரண்டாம் நாள் மாலைக்குத் தள்ளிவைத்து, ‘காலத்தின் அருமை கருதி’ ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொல்வார்கள். அப்போது பாதிப் பேர் பேருந்து நிலையத்துக்குப் புறப்பட்டிருப்பார்கள். அதைவிட மோசமானது, மாணவி எழுதிய கட்டுரையில் நெறியாளரின் பெயர் முதலில் வருவதும், பதிவுக் கட்டணம் மட்டும் மாணவியின் பெயரில் இருப்பதும். 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு பதவி உயர்வுக்கு, வெளியீடுகளையும் கணக்கிடும் மதிப்பெண் முறையைக் கொண்டுவந்த பிறகு, ஐ.எஸ்.பி.என். என்னும் நூல் எண் போட்ட கட்டுரைத் தொகுப்புகள் பெருகியதையும், அவற்றைப் படிப்பவர்கள் பெருகாததையும் இத்துறையில் இருக்கும் அனைவரும் அறிவார்கள். எல்லா நெறியாளர்களும் அப்படிப்பட்டவர்கள் அல்லர், என் நெறியாளர் அப்படி இருந்ததில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

1933இல் கல்கத்தாவில் தொடங்கிய இந்திய நூலகச் சங்கம், சிறப்பு நூலகங்களுக்காக 1955இல் தொடங்கிய ஐயாஸ்லிக் போன்ற அகில இந்திய அமைப்புகளை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ரயில் செலவே உங்களை மிரட்டிவிடும். உங்கள் ஊரிலிருந்து காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய தொலைவில் நடக்கும் பயிலரங்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அழைப்பிதழில் உள்ள ஒருங்கிணைப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, தொண்டராக வரலாமா என்று கேளுங்கள். தொண்டர்களிடம் கட்டணம் வாங்காத இடங்கள் பல உண்டு. அங்கே போய் யாரிடமும் ‘எனக்கு வேலை இருந்தால் சொல்லுங்கள்’ என்று தொடங்காதீர்கள். உங்கள் நூலகத்தில் இப்போது என்ன வேலை நடக்கிறது, கல்லூரிகளுக்கான என்-லிஸ்ட் மின்வளச் சேவையை மாணவர்கள் பயன்படுத்துகிறார்களா, பழைய பதிவேடுகள் கணினிக்கு ஏறிவிட்டனவா என்று கேளுங்கள். தேநீர் இடைவேளையில் அப்படிக் கேட்கும் மாணவரிடம் மூத்த நூலகர்கள் தங்கள் குறைகளை மனம்விட்டுப் பேசுவார்கள். அவற்றில் ஏதேனும் ஒன்று உங்களால் செய்து கொடுக்கக்கூடியதாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் மறுநாளே அவருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.