மூன்று வயதுக்காரிக்கு ஒரு நோட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அடுத்த மாதம் மகளுக்கு மூன்று வயது நிறைகிறது. அன்றைக்கு ஏற்காடு போகிறோம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவளுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்து, பெரியவள் ஆனதும் கொடுக்க ஆசை. பேனாவை எடுத்தால் ‘நீ எங்கள் உயிர், நல்லா இருக்கணும்’ என்பதற்கு மேல் ஓடவில்லை. என்ன எழுதுவது? எப்படிப் பத்திரப்படுத்துவது?

— ஒரு தகப்பன், அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

கடிதங்களை ஒரே நோட்டில் எழுதி வாருங்கள். வாழ்த்தை இரண்டு வரியில் முடித்துக்கொள்ளுங்கள். மீதிப் பக்கம் முழுக்க அவள் இன்று எப்படி இருக்கிறாள் என்று எழுதுங்கள். மூன்று, மூன்றரை வயதுக்கு முன்னால் நடந்தது பெரும்பாலோருக்கு வளர்ந்தபின் நினைவில் இருப்பதில்லை. போன பொங்கலைப் பற்றி இன்று கேட்டால் உங்கள் மகள் ஏதாவது சொல்லக்கூடும். ஏழெட்டு வயதுக்குள் அதில் பெரும்பகுதி போய்விடும். உங்கள் பாசத்தை அவள் கூடவே இருந்து தெரிந்துகொள்வாள். மூன்று வயதில் எப்படிப் பேசினாள் என்பதை நீங்கள் எழுதினால்தான் உண்டு.

அதனால் பேச்சில் தொடங்குங்கள். ‘மழலை கொஞ்சியது’ என்று எழுதினால் எந்தக் குழந்தைக்கும் பொருந்தும். ‘குரங்கை குலங்கு என்கிறாய், வாழைப்பழத்தை வாயப்பயம் என்கிறாய்’ என்று காதில் விழுந்தபடியே எழுதுங்கள். ரகரமும் ழகரமும் பல குழந்தைகளுக்குத் தாமதமாகத்தான் வரும். வந்த பிறகு பழைய உச்சரிப்பு திரும்பாது, வீட்டில் உள்ளவர்களுக்கே மறந்துபோகும். தன்னை ‘பாப்பா’ என்கிறாளா, ‘நான்’ என்கிறாளா? நடந்து முடிந்தது எல்லாமே ‘நேத்து’தானா? எண்ணும்போது எதைத் தாண்டுகிறாள்? ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் எண் பலகை உண்டு. ஒவ்வொன்றிலும் அவளை எண்ணச் சொல்லி, நாலை விட்டுவிட்டு அஞ்சுக்குப் போனால் அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டாம். (கிளம்பும் முன் வயிறு முட்டப் பால் கொடுக்காதீர்கள், வளைவுகளில் வாந்தி வரும். ஒன்றிரண்டு இட்லி போதும்.)

பேச்சைப் போனிலும் இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். ‘பாட்டுப் பாடு’ என்றால் வெட்கப்படுவாள். சாப்பிடும்போது, பொம்மையிடம் பேசும்போது பக்கத்தில் போனை வைத்துவிடுங்கள். கோப்புக்குத் தேதியைப் பெயராக வையுங்கள். போட்டோ, வீடியோவை வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பினால் தரம் குறையும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். போன் தவிர வேறோர் இடத்திலும் நகல் இருக்கட்டும்.

உயரத்தைச் சுவரில் கோடு போட்டு வைப்பது நம் வழக்கம். அடுத்த போகிக்கு வெள்ளையடித்தால் கோடு போச்சு; வாடகை வீடென்றால் சுவரே போச்சு. கோடு போட்ட கையோடு அளந்து நோட்டில் ஏற்றுங்கள். செருப்பில்லாமல், கொண்டையும் கிளிப்பும் எடுத்துவிட்டு, குதிகாலும் முதுகும் தலையும் சுவரில் பட நிற்க வேண்டும். தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவருக்குச் செங்கோணமாக வைத்து, அதன் அடியில் கோடு போடுங்கள். தையல்காரர் டேப் நாளாக நாளாக நீளும். இரும்பு டேப்பே நல்லது. காலையில் அளப்பதற்கும் மாலையில் அளப்பதற்கும் அரை, ஒரு செ.மீ. வித்தியாசம் வரும் என்பதால் எல்லா ஆண்டும் ஒரே வேளையில் அளங்கள். இரண்டு முடிந்து மூன்று நிறைவதற்குள் குழந்தைகள் ஏறக்குறைய 9 செ.மீ. வளர்கிறார்கள். உங்களிடம் ஒரு வயதில் படுக்கவைத்து அளந்த கணக்கு இருந்தால், ‘படுத்து’ என்று குறித்துவையுங்கள். படுத்த அளவு நின்ற அளவைவிட ஏழு மில்லிமீட்டர் போலக் கூடுதலாக இருக்கும்.

வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன சேலத்துக்காரர் நீங்கள், உங்களுக்குக் கொலுசைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சின்னதாகிவிட்ட கொலுசைக் கடையில் போட்டுப் புதுசு எடுப்பதற்கு முன், நோட்டின் மேல் வட்டமாக வைத்துப் பென்சிலால் சுற்றி வரையுங்கள். எத்தனை இஞ்ச் என்று எழுதுங்கள். பக்கத்திலேயே அவள் பாதத்தையும் வரைந்துவிடுங்கள். ஒரு ஜோடியை மாற்றாமல் வைத்திருக்க முடிந்தால் வையுங்கள். ஆனால் ரப்பர் பேண்ட் போடாதீர்கள். ரப்பரில் கந்தகம் இருக்கிறது, வெள்ளி கறுத்துவிடும். துவைத்த பருத்தித் துணியில் சுற்றினால் போதும்.

நோட்டு தைத்ததாக இருக்கட்டும். பென்சில் அல்லது பால்பாயிண்ட் பேனா. பல ஜெல் பேனாக்களின் எழுத்து தண்ணீர் பட்டால் கலையும். செல்லோடேப் ஒட்டினால் சில ஆண்டில் பழுப்பேறி, டேப் உதிர்ந்து கறை மட்டும் நிற்கும். கர்ப்ப காலத்து ஸ்கேன் படம் வைத்திருந்தால் அதை இன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள். அது பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் தாள், மங்கிக்கொண்டே போகும்.

தேதியோடு தமிழ் மாதமும் நட்சத்திரமும் எழுதுங்கள். பாட்டி கொண்டாடும் நாள் வேறாக இருக்கும்.

ஒன்றில் மட்டும் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெரியவள் ஆகும்வரை நோட்டைப் பூட்டி வைக்காதீர்கள். நாலு வயதிலிருந்தே எடுத்து வாசித்துக் காட்டுங்கள். நடந்ததைப் பற்றிப் பெற்றோர் விரிவாகப் பேசும் வீடுகளில் குழந்தைகளுக்கு அந்த நினைவுகள் கூடுதலாகத் தங்குகின்றன. ‘ஏற்காடு போனமே, ஞாபகம் இருக்கா?’ என்றால் ‘ம்’ என்பதோடு நின்றுவிடும். ‘குரங்கு உன் கையில இருந்து என்னத்தப் புடுங்குச்சு? அப்பறம் நீ என்ன பண்ணுன?’ என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலை அதே பக்கத்தின் ஓரத்தில், அன்றைய தேதி போட்டு எழுதுங்கள்.