லயத்து தகரத்துல ரெண்டு ஆண்டனா கட்டின மகனுக்கு என்ன படிப்பு?

அக்கா, ஓஎல் (பதினோராம் வகுப்பு பரீட்சை) எழுதிட்டு வீட்ல இருக்கிற மகன் தோட்டத்து லயத்து வீட்டு தகரத்துக்கு மேல ரெண்டு ஆண்டனா கட்டிட்டு லேப்டாப்ப பார்த்துக்கிட்டே இருக்கான், கேட்டா ரேடாருங்கிறான், பொலிஸ் வந்துருமோனு கேட்டீங்க.

மொதல்ல அத சொல்லிடுறேன். அவன் எதையும் அனுப்பல, இருக்கிற சிக்னல கேக்கிறான், அதான் பாஸிவ் ரேடார். முந்தி ஆண்டனா டிவில படம் பார்க்கிறப்போ மேல பிளேன் போனா படம் ஆடுமே, டவர்ல இருந்து நேரா வர்றதும் பிளேன்ல பட்டு சுத்தி வர்றதும் கலந்ததால ஆடிச்சு, நாம திட்டிக்கிட்டே ஆண்டனாவ திருப்பினோம், இவன் அந்த ஆட்டத்த அளக்கிறான். ஒரு ஆண்டனா எஃப்எம் டவர் பக்கம், மத்தது வானத்துப் பக்கம், ரெண்டையும் ஒப்பிட்டா பிளேன்ல பட்டு வர்ற எக்கோ எவ்வளவு லேட்டா வருது, பிளேன் கிட்ட வருதா தள்ளிப் போகுதானு தெரியும். 1935 பெப்ரவரி 26 இங்கிலாந்துல டாவென்ட்ரி கிட்ட வாட்சன் வாட், வில்கின்ஸுனு ரெண்டு விஞ்ஞானிங்க பிபிசி ஷோர்ட்வேவ் சிக்னல வச்சே பிளேன கண்டுபிடிச்சு காட்டினாங்க, பிரிட்டன் ரேடாரே அதுல இருந்து தான் வளந்துச்சு. அந்த எஃப்எம்ல பாட்டு போனா எக்கோ நல்லா வருது, நியூஸ்ல வாசிக்கிறவங்க மூச்சு விட்டா மங்கிடுதுனு அவன் சொன்னா நம்புங்க, பேச்சு நின்னா எஃப்எம் சிக்னல் ஒடுங்கிடும், எக்கோவ பிரிச்சு எடுக்க முடியாது.

எனக்குப் பயம் இடி தான். மழ இருட்டினா வயர கழட்டி வைக்கச் சொல்லுங்க. பீதுருதலாகல மலை மாதிரி ராணுவம் இருக்கிற இடத்துக்கு ஆண்டனாவோட போக விடாதீங்க. பேசவும் அனுப்பவும் ஆசைப்பட்டா டிஆர்சி (தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு) நடத்துற அமெச்சூர் ரேடியோ பரீட்சைய எழுதி லைசென்ஸ் எடுக்கட்டும்.

படிப்புக்கு வருவோம். ஏஎல்ல (கெம்பஸ் போறதுக்கான பரீட்சை) எடுக்க வேண்டியது கம்பைன்ட் மெத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி. கெமிஸ்ட்ரி பிடிக்கலனு ஐசிடிக்கு (கம்ப்யூட்டர் பாடம்) தாவுவான், பேராதனை கெம்பஸோ மொரட்டுவை கெம்பஸோ இன்ஜினியரிங் வேணும்னா கெமிஸ்ட்ரிய விட ஏலாது, இத இப்பவே சொல்லிருங்க. நம்ம பக்கம் தமிழ் மீடியத்துல மெத்ஸ் படிப்பிக்கிற சேர் கிடைக்கிறது கஷ்டம், அதனால ஸ்கூல்ல யார் படிப்பிக்கிறாங்கனு விசாரிச்சுட்டு சேருங்க, ஸ்கூல் பேர பார்த்து சேர்க்காதீங்க. கெம்பஸுக்கு பிள்ளைகள எடுக்கிறதுல 55 வீதம் மாவட்டக் கோட்டா, நுவரெலியா பின்தங்கின மாவட்ட லிஸ்ட்லயும் இருக்கு, கொழும்பு பிள்ளையோட மட்டும் ஒப்பிட்டு பயப்படாதீங்க. மெத்ஸ் ரொம்ப இழுத்தா ஏஎல்லயே டெக் (டெக்னாலஜி) ஸ்ட்ரீம் இருக்கு, அதுலயும் டிகிரி வரும்.

பாஸிவ் ரேடாருனு போர்டு போட்ட வேலை இங்க தேடாதீங்க, ஆனா அதே கணக்கு தான் போன் டவர்லயும் ஏர்போர்ட் எலக்ட்ரோனிக்ஸ்லயும் ஸ்கேன் மெஷின்லயும் ஓடுது.

ரிசல்ட் வந்த கையோட ஷீட்ட எடுத்துக்கிட்டு மகனோட வாங்க அக்கா, லேப்டாப்பையும் கொண்டு வரச் சொல்லுங்க, நானும் ஒருக்கா பாக்கணும்.