வாரை இழுத்தால் தலையைத் தூக்கும் குதிரை

கேள்வி: நாகர்கோவிலில் இருக்கிறோம். மகளுக்காகக் குதிரை வாங்கினோம். சொத்தவிளை கடற்கரையில் ஓட்டிப் பழகுகிறாள். நிறுத்துவதற்குக் கடிவாள வாரை இழுத்தால் குதிரை வாயைப் பிளந்து தலையை மேலே தூக்குகிறது. முள் கடிவாளம் போட்டால் அடங்கிவிடும் என்கிறார் பழக்குபவர். போடலாமா?

பதில்: போடவே கூடாது. முள்ளோ கூர்முனையோ உள்ள கடிவாளத்தை நம் நாட்டில் 1965ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்பு விதிகளே தடை செய்திருக்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் இதையேதான் சொல்வேன். உங்கள் குதிரைக்கு வாய் வலிக்கிறது என்றுதான் நான் சந்தேகப்படுகிறேன்.

முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத இடைவெளி உண்டு. கடிவாள இரும்பு அங்கேதான் உட்காருகிறது. மெல்லிய ஈறு, அதை ஒட்டி உடனே எலும்பு. வாரை இழுக்கும்போது அந்த எலும்பும் நாக்கும்தான் அழுத்தத்தை வாங்குகின்றன. தலையைத் தூக்கினால் இரும்பு இடம் மாறும், அழுத்தம் கொஞ்சம் குறையும். குதிரை அதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

ஆகவே முதலில் கால்நடை மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள். மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழிப்பது சாதாரணமாக நடப்பதுதான். அரம் வைத்துத் தேய்த்தால் தீரும். உதட்டோரப் புண்ணையும் நாக்கில் உள்ள வெட்டுக்காயத்தையும் நீங்களே பார்க்கலாம். மூக்கைச் சுற்றிக் கட்டும் மூக்குப் பட்டையையும் சோதியுங்கள். மூக்கெலும்பின் மேல் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். வாயைப் பிளக்காமலிருக்கப் பட்டையை இறுக்குவது வலியை மறைக்குமே தவிரப் போக்காது.

அடுத்தது மகளின் கை. மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசு ஒன்றை ஜன்னல் கம்பியில் மாட்டி, அதன் கொக்கியில் வாரைக் கட்டுங்கள். குதிரையை நிறுத்துவதுபோல் அவள் இழுக்கட்டும், நீங்கள் தராசு முள்ளைப் பாருங்கள். லேசாகப் பிடித்திருக்கிறேன் என்று நினைக்கும் கைகூடப் பல கிலோ காட்டும். வாரில் கருவி பொருத்தி ஆராய்ச்சியாளர்கள் அளப்பதும் இதே இழுவையைத்தான். டென்மார்க்கில் 2011இல் வெளிவந்த ஆய்வொன்றில், கடிவாளம் பழகாத இளங்குதிரைகள் தீவனத்துக்காகக் கழுத்தை நீட்டினால் வார் இறுகும்படி வைத்தார்கள். முதல் நாள் ஏறக்குறைய ஒரு கிலோ இழுவை வரை போன குதிரைகள், அடுத்த நாளே அதைக் கணிசமாகக் குறைத்துக்கொண்டன. தன் விருப்பப்படி விட்டால் குதிரை தேர்ந்தெடுப்பது அவ்வளவு சிறிய இழுவையைத்தான்.

குதிரை கற்றுக்கொள்வது இழுப்பதில் இல்லை, விடுவதில். வாய் ஆறியபின் தரையில் நின்றே தொடங்குங்கள். விரல்களை மட்டும் மூடி லேசாக அழுத்துங்கள். வேகம் குறைந்த அந்தக் கணமே விரலைத் திறந்துவிடுங்கள். நின்ற பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தால், நின்றும் பயனில்லை என்றுதான் அது புரிந்துகொள்ளும். இது படியும்வரை மேலே ஏற வேண்டாம். திரும்ப ஏறும்போதும் அலையோர ஈரமணலில் நடை மட்டும் போதும். காய்ந்த ஆழ்மணல் தசைநாணைச் சோதிக்கும். வீடு திரும்பியதும் இரும்பையும் வாரையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். உப்புக்காற்றில் சொரசொரத்துப்போன இரும்பும் வாயைக் கிழிக்கும்.