அரசுப் பள்ளி மதிய உணவு உண்மையிலேயே தரமாக இருக்கிறதா? பெற்றோர்கள் என்ன நினைக்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் வரும் ஜூனில் மகளை அரசுப் பள்ளியில் சேர்க்கப் போகிறாராம். "பாடம்கூடப் பரவாயில்லை, அந்தச் சாப்பாட்டைப் பிள்ளை சாப்பிடுமா என்பதுதான் யோசனை" என்று கீழே எழுதியிருக்கிறார். இதே யோசனையோடு ஆறு மாதம் டிபன் டப்பா கட்டிக் கொடுத்தவள் நான். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

திருப்பூர் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் டெய்லர், நான் செக்கிங். பையன் ஏழாவது, பொண்ணு நாலாவது, இரண்டு பேரும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் படிக்கிறார்கள். பையன் ஒன்றாவது மட்டும் ஒரு மெட்ரிக் பள்ளியில் படித்தான். 2020இல் கம்பெனி மூடிக் கிடந்தபோது ஃபீஸ் கட்ட முடியாமல் இங்கே மாற்றினோம். 2021 நவம்பரில் பள்ளி திறந்ததும் முதல் நாளே வீட்டுக்காரர் சொன்னது: "படிக்கட்டும், ஆனா தட்டு தூக்கிட்டு லைன்ல நிக்க வேண்டாம்." இத்தனைக்கும் அவரும் நானும் அந்த வரிசையில் நின்று வளர்ந்தவர்கள்தான்.

நான் படித்த தொண்ணூறுகளில் தினமும் சோறு, சாம்பார். முட்டை இரண்டு வாரத்துக்கு ஒன்று. 1989இல் கலைஞர் ஆட்சியில் தொடங்கியது அது. 1998இல் வாரம் ஒன்றாகி, 2010இல் வாரத்துக்கு ஐந்தாகிவிட்டது. முட்டை நாளன்று வகுப்பில் ஒரு தலை குறையாது. சாம்பாரில் வண்டு மிதந்தால் விரலால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவோம். எங்கள் தலைமுறைக்கு சத்துணவு என்றால் அந்த வண்டுதான் முதலில் ஞாபகம் வரும். 2014 ஆகஸ்டிலிருந்து தமிழ்நாடு முழுக்க கலவை சாதம் வந்துவிட்டது, திங்கள் வெஜிடபிள் பிரியாணி, செவ்வாய் கொண்டைக்கடலைப் புலாவ் என்று தினம் ஒன்று, கூடவே மிளகு முட்டை, மசாலா முட்டை என்பதெல்லாம் பிள்ளை சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அந்த மெட்ரிக் பள்ளியில் ஸ்நாக்ஸ் காசு என்று மாதா மாதம் வாங்கினார்கள். கொடுத்தது க்ரீம் பிஸ்கெட்டும், மதியம் வரை எண்ணெய் சொட்டும் பப்ஸும். உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதியே போட்டிருக்கிறது. எங்கள் ஊரில் எந்தப் பள்ளி வாசலிலும் டேப் வைத்து அளந்தவரை நான் பார்த்ததில்லை. அந்த பப்ஸின் தரத்தைப் பற்றி ஒரு பெற்றோரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட. காசு கொடுத்து வாங்கிய சாப்பாட்டில் வராத சந்தேகம் சும்மா கிடைக்கும் சாப்பாட்டில் வந்துவிடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பையன் ஒரு நாள் டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தான். கேட்டால், "நான் மட்டும் தனியா உக்காந்து சாப்பிடணுமா?" என்றான். மறுநாள் முதல் தட்டு கொடுத்து அனுப்பினேன். வீட்டுக்காரரிடம் ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னேன்.

அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். முதல் கூட்டத்திலேயே சாப்பாட்டுப் பேச்சு வந்தது. ஒரு அம்மா கேரி பேக்கில் ஒரு பிடி அரிசி கொண்டுவந்து மேசையில் கொட்டினார். "இதுல பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்குதுங்க. தண்ணில போட்டா மிதக்குது." வாட்ஸப்பில் வந்த வீடியோவையும் காட்டினார். எனக்கும் பக்கென்றுதான் இருந்தது. தலைமை ஆசிரியர் மிதந்ததில் நாலைந்தைப் பொறுக்கி விரலால் நசுக்கிக் காட்டினார், மாவாக உதிர்ந்தது. அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, போலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவத்திலேயே பிழிந்து காயவைத்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்று கலந்திருந்தார்கள். மாவில் செய்தது, அதனால் சிலது மிதக்கும், மற்றதைவிட வெள்ளையாகத் தெரியும். இதை மூட்டை வந்த அன்றே பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் பாதி ஊர் அந்த அரிசியைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டிருக்காது.

அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவராவது அரிசியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

அந்த வாரமே ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் பதினோரு மணிக்கு சமையல் கூடத்துக்குப் போனேன். கேள்வி கேட்பதற்காகத்தான் போனேன், மறைக்கவில்லை. சமையலக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வா கண்ணு, நூத்திப் பத்து முட்டை உரிக்கணும், நீ ஒரு இருவது உரிச்சுக் குடு" என்றார். உதவியாளர் இடம் காலி. சத்துணவு அமைப்பாளர் இரண்டு மையத்தைப் பார்க்கிறார், அன்று இன்னொரு மையத்தில் இருந்தார். அக்கா ஒருத்தர்தான். கொதித்து இறக்கிய முட்டை, விரல் பொறுக்காத சூடு. ஓட்டில் குத்தியிருந்த முத்திரை மை கட்டைவிரல் நகத்தில் ஒட்டிக்கொண்டது. நான் உரித்ததில் நாலைந்து பிய்ந்து, மஞ்சள் கரு தெரியக் கிழிந்துபோனது. "முட்டை பிஞ்சு பிஞ்சு வருது, பழசா இருக்கும்" என்று பெற்றோர் சொல்லும் புகார் ஞாபகம் வந்து கேட்டேன். அக்கா சிரித்தார். "புது முட்டைதான் கண்ணு ஓட்டோட ஒட்டிட்டு வரும். பழசு வழுக்கிட்டு வந்துரும். வந்ததும் தண்ணில போட்டுப் பாப்பேன், மிதந்தா எடுத்து வெச்சிருவேன்." வீட்டில் இத்தனை வருடம் முட்டை அவித்தும் எனக்கு இது தெரியாது.

பன்னிரண்டரைக்குத் தட்டில் போட்டுக் கொடுத்தார். அன்று தக்காளி சாதம், மிளகு முட்டை. சாதம் கொஞ்சம் குழைந்திருந்தது, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்காக வேண்டுமென்றே குழைய விடுவாராம். உப்பு சரியாக இருந்தது. மிளகு வாசம் நன்றாக வந்தது. தக்காளி மட்டும் நிறத்துக்குத்தான். ரேஷன் புழுங்கலரிசியின் அந்த லேசான மூட்டை வாடை முதல் இரண்டு வாய்க்குத் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. மதிப்பெண் போடச் சொன்னால் பத்துக்கு ஆறரை. என் அவசரக் காலை எலுமிச்சை சாதத்துக்கு நானே ஐந்துக்கு மேல் போட மாட்டேன்.

தக்காளி ஏன் நிறத்துக்கு மட்டும் என்று அக்காவிடமே கேட்டேன். கணக்கு எளிது. பருப்பு, காய், எண்ணெய், மசாலா, விறகோ கேஸோ எல்லாம் சேர்த்து ஒன்றிய அரசின் கணக்குப்படி ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு, 2025 மே முதல், ஒன்றாவதிலிருந்து ஐந்தாவது வரை 6.78 ரூபாய்; ஆறிலிருந்து எட்டு வரை 10.17 ரூபாய். அரிசி தனி, முட்டைச் செலவு மாநில அரசுடையது. எங்கள் கம்பெனி வாசலில் ஒரு டீ 15 ரூபாய். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது இந்தக் காசில் தக்காளி சாதம் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. புளியை வைத்து ஒப்பேற்றினாராம். 2024 கடைசியில் 8,997 சமையல் உதவியாளர் இடங்களை நிரப்ப அரசாணை வந்தது, மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியம். எங்கள் ஊரில் ஒரு பெண் பனியன் கம்பெனியில் பத்து நாள் போனாலே அதைவிட அதிகம் வாங்கிவிடுவாள். பிறகு உரிக்க ஆள் எங்கிருந்து வரும்?

உண்மையான குறைகளும் இருக்கின்றன, மூடி மறைக்கப் போவதில்லை. மழைக்காலத்தில் வரும் மூட்டையில் வண்டு இருக்கிறது, முறத்தில் புடைக்க ஆள் இல்லாத நாளில் கல்லும் மாட்டுகிறது. காய் என்றால் பெரும்பாலும் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ்தான். கீரை சாதம் பட்டியலில் இருக்கிறது, தட்டில் எப்போதாவதுதான் பார்க்கிறோம். முக்கியமானது அளவு. ஆறாவதுக்கு மேல் ஒரு பிள்ளைக்கு 150 கிராம் அரிசி, சின்ன வகுப்புக்கு 100 கிராம். ஆனால் காலையில் எத்தனை பேர் சாப்பாடு என்று எண்ணிச் சொன்ன பிறகு பத்துப் பேர் தாமதமாக வருவார்கள். அன்று கடைசியில் நிற்கும் ஏழாவது, எட்டாவது பையன்களுக்குக் கரண்டி சுருங்கிவிடும். என் மகன் வீட்டுக்கு வந்ததும் மிக்சர் டப்பாவைத் தேடினால் அன்று வரிசையில் கடைசி என்று புரிந்துகொள்வேன். இந்தப் புகாரைக் கூட்டத்தில் நான் சொன்னபோது ஆதரவாக ஒருவரும் பேசவில்லை. வெளியே வந்ததும் மூன்று பேர் கையைப் பிடித்துக்கொண்டு "எங்க வீட்லயும் அதேதாங்க" என்றார்கள். உள்ளே ஏன் பேசவில்லை? "சும்மா குடுக்குறத எப்படிங்க குத்தம் சொல்றது." இந்தச் சாப்பாட்டை நம்பியே இருக்கும் வீடுகளிலிருந்து புகார் வராது. வாய் கிழியப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளையைச் சாப்பிட விடாதவர்கள்.

காலைச் சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டில் எங்கள் பள்ளிக்கும் வந்தது, ஐந்தாவது வரைதான். உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடக் காய்கறி சாம்பார். மகளிர் குழுவில் இருந்து எங்கள் தெருப் பெண்களே வந்து சமைக்கிறார்கள். எட்டரை ஷிப்டுக்கு ஓடுகிற எங்களைப் போன்ற வீடுகளில் இதன் தரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நேரத்துக்குச் சுடச்சுடக் கிடைக்கிறது, அதுவே போதும் என்றாகிவிட்டது. மகளுக்கு ரவை உப்புமா பிடிக்காது, அது என் வீட்டிலும் பிடிக்காது.

கடைசியாக ஒன்று, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். எங்கள் ஊரில் கொஞ்சம் வசதியான ஒரு அம்மா தன் மகளை சத்துணவு சாப்பிட விடுவதில்லை. "சுத்தம் பத்தாது" என்பார். என்ன சுத்தம், பாத்திரமா, தண்ணியா, கூடமா, வாங்க போய்ப் பார்க்கலாம் என்று கூப்பிட்டேன். வரவில்லை. நாலாவது முறை கேட்டபோது குரலைத் தணித்துக்கொண்டு, "யாரு சமைக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார். தெரியும். 2018இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில், பட்டியல் சாதிப் பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர்களே பள்ளியில் பிரச்சினை பண்ணி, அவரை வேறு பள்ளிக்கு மாற்றவைத்து, எதிர்ப்பு கிளம்பிய பிறகு திரும்பக் கொண்டுவந்தார்கள்; வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. 2023இல் காலை உணவுக்கும் இதே கதை எட்டயபுரம் பக்கத்தில் நடந்தது. காமராஜர் மதிய உணவைத் தொடங்கிவைத்த எட்டயபுரம். தரம், சுத்தம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், எதைச் சொல்கிறார்கள் என்று இன்னொரு கேள்வி கேட்டுவிடுங்கள். கல், வண்டு, அளவு என்று பதில் வந்தால் அது புகார். பதில் வராமல் குரல் தணிந்தால் அது வேறு.

உங்கள் மகளுக்கு என் யோசனை: முதல் வாரம் டப்பாவும் கொடுங்கள், தட்டும் கொடுங்கள். ஒரு நாள் நீங்களே போய்ப் பன்னிரண்டரைக்கு உட்கார்ந்து சாப்பிடுங்கள்; பெற்றோர் ருசி பார்க்க வருவதை எங்கள் பள்ளியில் யாரும் தடுத்ததில்லை. முட்டை சாப்பிடாத வீடு என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வாழைப்பழம் கொடுப்பார்கள்.

அந்த அம்மாவின் மகள் என் பொண்ணு வகுப்புதான். தினமும் நெய் மணக்க டப்பா வருகிறது. மிளகு முட்டை நாளில் அதைத் தோழிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, என் பொண்ணுடைய தட்டை வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறாளாம். அக்காவுக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவள் அம்மாவுக்கு மட்டும் தெரியாது. அதனால்தான் ஊர்ப் பெயரை எங்கேயும் எழுதவில்லை.