விற்ற வண்டி இன்னும் உங்கள் பெயரில் ஓடுகிறதா?

கேள்வி: 2019 டிசம்பரில் புதிதாக வாங்கிய 125 சிசி ஸ்கூட்டரை, 2022-இல் வேலை மாற்றலாகி ஊரைவிட்டுக் கிளம்பும் அவசரத்தில் ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் 46,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பெயர் மாற்றத்தை அவர்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். போன மாதம் அந்த வண்டியில் யாரோ ஹெல்மெட் இல்லாமல் போனதற்கு என் போனுக்கு 1,000 ரூபாய் சலான் வந்தது. ஆர்.சி. இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. "அந்த வண்டி ஆளை இடித்தால் உங்கள் வீடு போய்விடும் மாமா, பேசாமல் வீட்டை அக்கா பெயருக்கு எழுதிவிடுங்கள்" என்கிறார் மைத்துனர். இது உண்மையா, பயமுறுத்தலா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: மைத்துனர் சொன்னதில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியைச் செய்துவிடாதீர்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வண்டி யார் கையில் இருக்கிறது, யார் பணம் கொடுத்தார், எத்தனை வருடமாக ஓட்டுகிறார் என்பதெல்லாம் விபத்து வழக்கில் அவ்வளவாக எடுபடாது. போக்குவரத்துத் துறைப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். மோட்டார் வாகனச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. அந்த வழக்கில் ஒரு கார் வரிசையாகப் பல கை மாறியிருந்தது. 2009-இல் விபத்து நடந்தபோது அதை முதலில் விற்றவர் பெயரே பதிவில் இருந்தது. தான் விற்று இரண்டு வருடம் ஆகிறது என்றார் அவர். நீதிமன்றம் ஏற்கவில்லை. அடிபட்டவர் குடும்பம், வண்டி யார் யாரிடம் போனது என்று துப்புத் துலக்கிக்கொண்டு அலைய முடியாது, பதிவில் உள்ளவரே பொறுப்பு என்று முடிந்தது.

தொகை எவ்வளவு வரும் என்று பலருக்குத் தெரிவதில்லை. ஸ்கூட்டர்தானே, பத்தாயிரம் இருபதாயிரம் கேட்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கணக்கைப் போட்டே காட்டுகிறேன். மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கும் 30 வயதுக் கொத்தனார் ஒருவர், மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான அம்மா. அவர் இறந்துவிட்டால், சொந்தமாகத் தொழில் செய்யும் 40 வயதுக்குட்பட்டவர் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டுவார்கள். 21,000 ஆகிறது. அவருடைய சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 15,750. வருடத்துக்கு 1,89,000. அந்த வயதுக்கு உச்ச நீதிமன்றம் 2009-இல் வகுத்த பெருக்கல் எண் 17. ஆக 32,13,000 ரூபாய். ஈமச் செலவு போன்றவையும் மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் தனி. 46,000 ரூபாய்க்கு விற்ற வண்டிக்கு இது. கட்டாவிட்டால், விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் மாவட்ட ஆட்சியருக்குச் சான்று அனுப்பி, நில வரி பாக்கியை வசூலிப்பதுபோல உங்கள் சொத்திலிருந்து வசூலிக்கச் சொல்லலாம். சட்டத்தின் 174-ஆம் பிரிவு அது. வீடு என்று மைத்துனர் சொன்னது இதைத்தான்.

பயந்தது போதும். உங்களுக்கு ஒரு கவசம் இருந்தது, அது உங்களுக்கே தெரியாது. 2018 செப்டம்பர் 1-க்குப் பிறகு விற்ற புது இருசக்கர வண்டி எல்லாவற்றுக்கும் ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது வண்டி இடித்து அடிபட்டவருக்கு இழப்பீடு தரும் காப்பீடு, கட்டாயமாக்கப்பட்டது. நீங்கள் வாங்கியது 2019 டிசம்பர். ஆகவே 2024 டிசம்பர் வரை அந்த வண்டி யாரை இடித்திருந்தாலும் இன்சூரன்ஸ் கம்பெனிதான் முதலில் நிற்க வேண்டும். வண்டி கை மாறினால் மூன்றாம் நபர் காப்பீடும் கூடவே போனதாகக் கொள்ள வேண்டும் என்று 157-ஆம் பிரிவு சொல்கிறது. வாங்கியவர் 14 நாளுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. யாரும் கேட்பதில்லை. கேட்கவில்லை என்பதற்காக அடிபட்டவருக்குத் தரமாட்டேன் என்று கம்பெனி சொல்ல முடியாது.

இந்த இடத்தில்தான் பாதிப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். இந்தக் கவசம் அடிபட்ட மூன்றாம் ஆளுக்கு மட்டும். வண்டிக்கு ஆன சேதத்துக்கு இல்லை. அதற்கான பாலிசி பெரும்பாலும் ஒரே வருடத்துக்குத்தான் போட்டிருப்பார்கள், "அஞ்சு வருஷ இன்சூரன்ஸ்" என்று ஷோரூமில் சொன்னது பாதிக் கதை. பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கும் வெறும் மூன்றாம் நபர் பாலிசியில் கிடைப்பது சந்தேகம். இரவல் வாங்கி ஓட்டி விழுந்தவர் உரிமையாளரின் இடத்தில் இருப்பவர், அவர் மூன்றாம் ஆளே இல்லை என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. இன்னொன்று. ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லாவிட்டால், கம்பெனி அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளத் தீர்ப்பாயம் அனுமதிக்கும். 2004-இலிருந்து இதுதான் நடைமுறை. அந்த உரிமையாளர் யார் என்று கேட்டால், திரும்பவும் பதிவேட்டைத்தான் பார்ப்பார்கள். உங்கள் பழைய ஸ்கூட்டரைப் பதினேழு வயதுப் பையன் டியூஷனுக்கு ஓட்டிப்போகிறான் என்றால் பாலிசி இருந்தும் நீங்கள் முழுதாகத் தப்பவில்லை.

2024 டிசம்பரோடு அந்தக் கவசம் முடிந்தது. வாங்கியவர் புதுப்பித்திருந்தால் சரி. பழைய வண்டியில் ஹெல்மெட் இல்லாமல் போகிறவர் இன்சூரன்ஸை ஒழுங்காகப் புதுப்பித்திருப்பார் என்று நான் நம்பமாட்டேன். உடனே போனில் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று காட்டும். அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

காலாவதியாகியிருந்தால் நான் சொல்வது உங்களுக்கு விநோதமாக இருக்கும்: உங்கள் காசில் நீங்களே மூன்றாம் நபர் பாலிசி போடுங்கள். 75 சிசி-க்கு மேல் 150 சிசி வரையுள்ள வண்டிக்கு 2022 ஜூனில் அரசு நிர்ணயித்த கட்டணம் 714 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. எவனோ ஓட்டும் வண்டிக்கு நான் ஏன் கட்ட வேண்டும் என்று கோபம் வரும். நியாயமான கோபம்தான். ஆனால் பதிவேட்டில் உரிமையாளர் நீங்கள், 32 லட்சமும் உங்கள் தலையில்தான் விடியும். வண்டி உங்களிடம் இல்லை என்று கம்பெனி பின்னால் வாதாடிப் பார்க்கலாம், அதை நான் மறைக்கவில்லை. கேட்ட விவரத்துக்குப் பொய் எழுதாதீர்கள். பாலிசியே இல்லாமல் நிற்பதைவிட, வாதாட ஒரு பாலிசி கையில் இருப்பது எவ்வளவோ மேல். போட்ட நாளுக்கு முன்னால் நடந்த எதற்கும் அது உதவாது, அதனால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

அப்புறம் பெயர் மாற்றம். கன்சல்டிங் கடைக்கு நேரில் போங்கள். போன் பண்ணினால் "பையன் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போயிருக்கான் சார்" என்றுதான் பதில் வரும். இந்தக் கடைக்காரர்களில் நேர்மையானவர்கள் உண்டு, எனக்கே தெரியும். ஆனால் தொழிலின் அமைப்பே கோணல். உங்களிடமிருந்து கடைக்கு ஒரு முறை, கடையிலிருந்து வாங்குபவருக்கு ஒரு முறை என்று இரண்டு முறை பெயர் மாற்றினால் அவர்களுக்குச் செலவு. அதனால் உங்களிடம் தேதி போடாத ஃபார்மில் கையெழுத்து வாங்கி மேசைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். வாங்கியவர் அந்த ஃபார்மை வாங்கிக்கொண்டு போய் பீரோவில் வைத்துவிடுகிறார். இன்னொருவரிடம் விற்கும்போது அதே ஃபார்மை அப்படியே நீட்டுகிறார். உங்கள் கையெழுத்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கும். வாங்கும் ஆளின் பெயர், தேதி, நேரம் இல்லாத ஃபார்மில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை பேரிடம் சொல்லியாயிற்று. வண்டி சாவியைக் கொடுக்கும்போது எல்லோருக்கும் அவசரம்.

கடைக்காரரிடம், வண்டியை ஒப்படைத்ததற்கான டெலிவரி நோட்டின் நகல், வாங்கியவரின் பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றையும் கேளுங்கள். தரமறுத்தால் வக்கீல் நோட்டீஸ். பழைய வண்டி வியாபாரிகள் பதிவுச் சான்று பெற வேண்டும், வண்டி கைக்கு வந்ததைப் போர்ட்டலில் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரலிலிருந்து மத்திய அரசு விதி இருக்கிறது. நீங்கள் விற்றது அதற்கு முன். அடுத்த வண்டியை விற்கும்போது அந்தச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள், முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

அதே நாளில், வண்டி பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒரு கடிதம். வண்டி எண், விற்ற தேதி, யாரிடம், பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம், சலான் நகல், இனி இந்த வண்டிமேல் எந்தப் பரிவர்த்தனையும் எனக்குத் தெரியாமல் செய்ய வேண்டாம் என்ற வேண்டுகோள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு நகல். ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விற்ற 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம், நீங்கள் பல வருடம் தாண்டிவிட்டீர்கள். அதற்காகச் சும்மா இருந்துவிடக் கூடாது. இந்தக் கடிதத்தால் மட்டும் உங்கள் பெயர் பதிவிலிருந்து போகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். கேமராவில் வண்டி எண்ணைப் பிடித்து நொடியில் போனுக்கு அபராதம் அனுப்பத் தெரிந்த அரசாங்கம், "இந்த வண்டியை விற்றுவிட்டேன்" என்று விற்றவர் தானாகவே சொல்லி முடிக்க ஒரு பட்டன் வைக்கவில்லை. வாங்கியவர் வராவிட்டால் விற்றவர் கதி அதோகதி. எல்லாம் ஆன்லைன் என்று போர்டு, உள்ளே போனால் பிரிண்ட் எடுத்து வா என்பார்கள்.

இப்போது உங்களைத் தேடி இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். "மூவாயிரம் கொடுங்க சார், ஆர்.சி.யிலிருந்து உங்க பேரை எடுத்துத் தர்றேன்" என்பார் ஒருவர். பெயரை எடுப்பது என்று ஒன்றே கிடையாது. ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாறத்தான் முடியும். அந்த இன்னொருவர் யார் என்று கேளுங்கள், பேச்சு நின்றுவிடும். இன்னொருவர் இதைவிட மோசம்: "வண்டி திருடு போச்சுன்னு ஸ்டேஷன்ல ஒரு புகார் கொடுத்துடுங்க, எல்லாம் முடிஞ்சுது." ஐயா, அது பொய்ப் புகார், அதுவே தனிக் குற்றம். வாங்கியவர் கையில் உங்கள் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் இருக்கிறது, உங்கள் கணக்கில் 46,000 வந்த பதிவு இருக்கிறது. இதுவரை விபத்தே நடக்காத ஒரு விஷயத்தில் நீங்களாகவே கைதாகும் வழி அது. போலீஸுக்குப் போவதென்றால் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

சலானைக் கட்டவா என்று கேட்பீர்கள். சும்மா கட்டிவிட்டால் ஓட்டியது நீங்கள் என்றாகிவிடும். சலானில் புகைப்படம் இருக்கும், ஓட்டுவது நீங்கள் இல்லை என்று விற்பனை ஆதாரத்தோடு ஆட்சேபம் தெரிவியுங்கள். அதில் இடத்தின் பெயரும் இருக்கும். வண்டி எந்த ஏரியாவில் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க அது உதவும். கன்சல்டிங்காரர் மறந்துபோன முகவரியை அந்தச் சலான் ஞாபகப்படுத்தும்.

எப்போதாவது விபத்துத் தீர்ப்பாயத்திலிருந்து சம்மன் வந்தால், "நான்தான் வித்துட்டேனே" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும், அதை உடைப்பதற்குள் வருடங்கள் போய்விடும். டெலிவரி நோட்டு, வங்கிப் பதிவு, ஆர்.டி.ஓ.-வுக்கு அனுப்பிய கடிதம், பாலிசி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள். வண்டியை ஓட்டியவரையும் வாங்கியவரையும் இன்சூரன்ஸ் கம்பெனியையும் எதிர் தரப்பில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்களே பணம் கொடுக்க நேர்ந்தாலும், அதை வாங்கியவரிடமிருந்து திரும்பப் பெற வழக்குப் போடலாம்.

வீட்டை மனைவி பெயருக்கு எழுதுவது பற்றி. கடன் கொடுத்தவர்களை ஏமாற்றும் நோக்கில் செய்த சொத்து மாற்றத்தைச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 53-ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் ரத்துசெய்யலாம். விபத்து நடந்த பிறகு செய்தால் அப்பட்டமாகத் தெரியும். முன்கூட்டியே செய்தாலும், பத்திரச் செலவு, பதிவுக் கட்டணம், நாளைக்கு வங்கிக் கடன் வாங்கும்போது சிக்கல் என்று எல்லாம் வரும். ஒரு ஸ்கூட்டருக்காக இதெல்லாம் வேண்டாம். முதலில் எம்பரிவாகனைத் திறந்து இன்சூரன்ஸ் தேதியைப் பாருங்கள். நாளைக் காலை கன்சல்டிங் கடை திறந்ததும் போய் நில்லுங்கள், மைத்துனரையும் கூட்டிக்கொண்டு போங்கள், பேசத் தெரிந்தவர் போலத் தெரிகிறது.