சிக்னலில் எஞ்சின் அணையவில்லையா? முதலில் பேட்டரியையும் இடது காலையும் பாருங்கள்

மேனுவல் கியர் கார்களில் சிக்னலில் எஞ்சின் தானாக அணைந்து, கிளட்சை மிதித்ததும் எடுக்கும் வசதி பற்றிக் கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கோவையில் இருபது வருடமாகக் கார் எலக்ட்ரிக்கல் வேலைதான் பார்க்கிறேன்.

வேளச்சேரி: பெட்ரோல் வண்டி, மூன்று வருடம் ஆகப்போகிறது. முன்பெல்லாம் எல்லா சிக்னலிலும் அணையும், இப்போது மூன்று மாதமாக அணைவதே இல்லை. வார்னிங் லைட் எதுவும் எரியவில்லை. சென்சார் போய்விட்டதா சார்?

லைட் எரியவில்லை என்றால் பெரும்பாலும் எதுவும் போகவில்லை, வண்டி வேண்டுமென்றேதான் அணைக்காமல் இருக்கிறது. எஞ்சினை அணைத்தால் திரும்ப எடுக்க பேட்டரியில் தெம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அணைக்கும். பேட்டரியின் மைனஸ் முனையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சென்சார் இருக்கும், உள்ளே போகிற கரன்ட், வெளியே வருகிற கரன்ட் இரண்டையும் கணக்கு வைப்பது அதுதான். சார்ஜ் ஏறக்குறைய முக்கால்வாசிக்குக் கீழே இறங்கினால் பல வண்டிகள் அணைக்க மறுத்துவிடும். செல்ஃப் நன்றாகத்தான் அடிக்கிறதே என்று நீங்கள் நினைப்பீர்கள், செல்ஃப் அடிக்கப் பாதி சார்ஜே போதும்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.2 வந்தால் பாதிதான் இருக்கிறது. தினமும் ஐந்து கிலோமீட்டர் ஆபீஸ் போய் வருகிற வண்டி என்றால் அது சார்ஜ் ஏறவே நேரமில்லாமல் தவிக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் பொள்ளாச்சியிலிருந்து ஒரு வண்டி இதே குறையோடு வந்தது. பேட்டரி புதுசு, ஸ்கேனரில் ஒரு எரர் கோட்கூட இல்லை. மைனஸ் டெர்மினலின் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினால், 10 எம்எம் நட்டுக்கு அடியில் சொருகியபடி ஒரு கறுப்பு ஒயர் போகிறது. பாட்டு ஆம்ப்ளிஃபயருக்கு எர்த்! சென்சாரைத் தாண்டி நேராக மைனஸ் போஸ்டில், அதாவது பேட்டரி முனையிலேயே, மாட்டிவிட்டார்கள், ஆம்ப்ளிஃபயர் இழுக்கிற கரன்ட் சென்சார் கணக்கிலேயே வரவில்லை, கணக்கு தப்பியதும் வண்டி அணைப்பதை நிறுத்திவிட்டது. ஒயரைக் கழற்றி பாடியில் மாட்டி, ராத்திரி முழுக்கப் பூட்டி வைத்தோம். மறுநாள் மூன்றாவது சிக்னலில் தானாக அணைந்தது. ஆகவே மைனஸ் போஸ்டில் எதையும் மாட்டாதீர்கள், ஜம்ப் கேபிளின் கறுப்பு முனையைக்கூட எஞ்சினிலோ பாடியிலோதான் கவ்வ வேண்டும்.

மதுரை: மே மாதம் முழுக்க அணையவே இல்லை. ஏசி முழுசாக வைத்திருந்தேன்.

கம்ப்ரசர் எஞ்சின் பெல்ட்டில்தான் ஓடுகிறது. உள்ளே குளிராதவரை அணைக்காது. குறை இல்லை.

திருப்பூர்: பேட்டரியைக் கடையில் மாற்றினேன், அதிலிருந்து வேலை செய்யவில்லை.

என்ன பேட்டரி போட்டார்கள்? இந்த வண்டிகளுக்கு இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைதான் வேண்டும், சாதாரண பேட்டரி நாள் முழுக்க இத்தனை தடவை இறங்கி ஏறுவதைத் தாங்காது. விலை கூடத்தான், ஆனால் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை. சரியான வகைதான் போட்டிருக்கிறார்கள் என்றால் ஒரு ராத்திரி பூட்டி அசையாமல் விடுங்கள், சென்சார் புது பேட்டரியைக் கற்றுக்கொள்ள நேரம் வேண்டும். சில வண்டிகளில் ஸ்கேனர் வைத்துப் பதிய வேண்டியிருக்கும்.

பீளமேடு: அணைகிறது, ஆனால் சில நேரம் கிளட்சை மிதித்தால் எடுப்பதில்லை அண்ணே, சாவி போட வேண்டியிருக்கிறது. பின்னாடி ஹாரன் அடிக்கிறார்கள்.

ஃப்ளோர் மேட்டைத் தூக்கிப் பாருங்கள் தம்பி. கம்பெனி மேட்டின் மேல் இன்னொரு கனமான மேட் போட்டிருந்தால் பெடல் அடிவரை போகாது, அடியில் இருக்கிற ஸ்விட்ச் அமுங்காது. மேட் சரி என்றால் அந்த ஸ்விட்ச்சையே சோதிக்க வேண்டும், விலை குறைந்த சாமான்தான். சீட் பெல்ட்டைக் கழற்றினாலோ கதவைத் திறந்தாலோகூடப் பல வண்டிகளில் சாவியைத்தான் கேட்கும்.

கதவு என்றதும் சொல்லிவிடுகிறேன்: எஞ்சின் தானாக அணைந்து நிற்கும்போது வண்டியை விட்டு இறங்காதீர்கள். சத்தம் இல்லாததால் வண்டி ஆஃப் என்று நினைத்து இறங்கிவிடுகிறார்கள், இக்னிஷன் ஆனில்தான் இருக்கிறது. ஹேண்ட் பிரேக் போட்டு, முழுசாக அணைத்துவிட்டு இறங்குங்கள்.

சேலம்: நான் சிக்னலில் முதல் கியரில் போட்டுக் கிளட்சை மிதித்தபடி நிற்பேன். ஒரு தடவைகூட அணைந்ததில்லை.

அணையாது. நியூட்ரலில் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்தால்தான் அணையும். பெடல் மேல் சும்மா கால் வைத்திருந்தாலும் அணையாது, மேலே இருக்கிற ஸ்விட்ச்சுக்கு அது மிதித்த மாதிரிதான்.

ஈரோடு: சேலம்காரர் செய்வதுதான் சரி. பின்னால் லாரி நிற்காமல் வந்தால் நியூட்ரலில் என்ன செய்வீர்கள்?

நியாயமான பயம். அதற்காகத்தான் பின்னால் ஒரு வண்டி வந்து நிற்கிறவரை கண்ணாடியைப் பார்த்தபடி முதல் கியரில் இருங்கள் என்கிறேன். அது நின்றபிறகு எதற்கு? கிளட்ச் மிதித்த ஒவ்வொரு நொடியும், கிளட்சைப் பிரிக்கிற ரிலீஸ் பேரிங் பாரத்தோடு சுற்றுகிறது. அது தேய்ந்தால் கியர்பாக்ஸை இறக்காமல் மாற்ற முடியாது.

சேலம்: டிரைவிங் ஸ்கூலில் இப்படித்தானே சொல்லிக்கொடுத்தார்கள்?

கற்றுக்கொள்கிறவர் கியர் போடத் தடுமாறி நடுரோட்டில் நின்றுவிடக் கூடாது என்று சொன்னது அது. பத்து வருடம் ஓட்டியபிறகும் அதையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஈரோடு: அடிக்கடி அணைத்து எடுத்தால் செல்ஃப் மோட்டார் தேயுமே? அதைவிட பேரிங் தேய்ந்தால் தேயட்டும்.

இந்த வண்டிகளில் செல்ஃப் மோட்டாரைக் கூடுதல் தடவை எடுக்கத் தாங்குகிற மாதிரி செய்திருக்கிறார்கள், சிலவற்றில் பெல்ட்டோடு சேர்ந்த ஜெனரேட்டரே எஞ்சினைச் சுற்றிவிடுகிறது, மாருதியின் ஸ்மார்ட் ஹைப்ரிட் அப்படித்தான். 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் சும்மா நின்று ஓடினால் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும், ஏசியோடு இன்னும் கூடும். திரும்ப எடுக்க ஆகிற பெட்ரோல், பத்து நொடி சும்மா ஓடுவதற்கு ஆவதைவிடக் குறைவு. சிக்னல் எண் பத்துக்குக் கீழே வந்துவிட்டதா, அப்போது முதல் கியரிலேயே நில்லுங்கள், அதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை.

திருச்சி: என் வண்டியும் அணையவில்லை, என்ன காரணம்?

வேளச்சேரிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தஞ்சாவூர்: எனக்கும் அதே பிரச்சினைதான் சார்.

மேலே எழுதியிருக்கிறேன் ஐயா. மீட்டர் வைத்து வோல்ட் பார்க்காமல் கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

நாகர்கோவில்: டீசல். சில நாள் அணைகிறது, சில நாள் முழுக்க இல்லை.

டிபிஎஃப், அதாவது டீசல் புகையில் வருகிற கரியைப் பிடிக்கிற ஃபில்டர், தன்னைத்தானே சுத்தம் செய்கிற நேரமாக இருக்கலாம், அப்போது அணைக்காது. ஒரு நாள் ஹைவேயில் அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டிவிட்டுப் பாருங்கள்.

யாழ்ப்பாணம்: சிவிடி ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் இதேதானா அண்ணா?

பேட்டரி விஷயம் அப்படியே பொருந்தும். கியர்பாக்ஸ் பக்கம் என் வேலை இல்லை, சிவிடி தெரிந்தவரிடம் கேளுங்கள்.

ஓசூர்: எனக்கு இந்த வசதியே வேண்டாம். போனட் ஸ்விட்ச் ஒயரைப் பிடுங்கினால் போதும் என்கிறார்களே?

வேண்டாம். வட்ட அம்புக்குறிக்குள் ஏ போட்ட பட்டன் இருக்கிறது, அதை அழுத்துங்கள். பல வண்டிகளில் ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் செய்யும்போதும் அழுத்த வேண்டும், ஒரு விரல் வேலை. போனட் ஒயரைப் பிடுங்கினால் போனட் திறந்திருக்கிறது என்று வண்டி நம்பிக்கொள்ளும், பிறகு நிஜமாகவே சரியாக மூடாமல் ஹைவேயில் போனால் உங்களுக்கு யார் சொல்வது?

வேளச்சேரி: காலையில் பார்த்தேன் சார், 12.2.

வெளி சார்ஜரில் ராத்திரி முழுக்க மெதுவாக ஏற்றுங்கள், ஒரு நாள் பூட்டி வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். 12.5க்கு மேல் நின்றால் பேட்டரி பிழைத்தது, வாரத்துக்கு ஒரு தடவை நீளமாக ஓட்டுங்கள். திரும்ப 12.2க்கே இறங்கினால் மாற்றுங்கள், பில்லில் இஎஃப்பி என்று எழுதி வாங்குங்கள்.