கார்க் கைப்பிடி நடுவில் அதிர்ந்தால், லேத் சக்கைக் குறை சொல்லுமுன்

வணக்கம். 10 அங்குல கார்க் கைப்பிடியை லேத்தில் (கடைசல் எந்திரத்தில்) கடையும்போது நடுப்பகுதி அதிர்கிறது, நாலு தாடை சக் (பொருளைக் கவ்விச் சுழற்றும் பிடி) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் காசை இப்போதைக்குப் பத்திரமாக வையுங்கள். அதன் வழக்கமான தாடைகள் பருத்த கட்டைக்கானவை. கார்க் வளையங்களைக் கோத்துக் கடையும் கால் அங்குலக் கம்பியைச் சரியாகக் கவ்வாது.

முதலில் கம்பியைச் சோதியுங்கள். கண்ணாடிமேல் உருட்டிப் பாருங்கள். வளைவு இருந்தால் அடியில் வெளிச்சம் தெரிந்து தெரிந்து மறையும். நேராக இருந்தால் ஈஆர் 32 காலெட் சக் (கம்பியைச் சுற்றி இறுகும் பிளவுக் குழல் கொண்ட பிடி) போதும். சுற்றிலும் ஒரே சீராக இறுக்குவதால் ஆட்டம் குறையும். வாங்குமுன் ஸ்பிண்டிலின் (லேத்தின் சுழலும் அச்சின்) மரை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரில் சக்கை (துளையிடும் அலகுக்கான பிடியை) ஹெட்ஸ்டாக்கில் (லேத்தின் சுழலும் முனையில்) செருகிக் கடைபவர்களும் உண்டு. பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் மரைக்கம்பி இல்லாமல் அதைச் செய்யாதீர்கள், பக்கவாட்டு அழுத்தத்தில் கழன்று வந்துவிடும்.

மறுமுனைக்கு 60 டிகிரி லைவ் சென்டர் (கம்பியோடு சுழலும் கூர்முனைத் தாங்கி). கம்பி முனையில் சென்டர் ட்ரில்லால் ஒரு சின்னக் குழி. இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். இறுக்கினால் நல்லது என்று டெயில்ஸ்டாக்கை (சென்டரைத் தாங்கும் பின்பகுதியை) திருகித் தள்ளியதில், நேரான கம்பியே வில்லாக வளைந்தது. சென்டர் கூடவே சுழலும் அளவுக்குத் தொட்டால் சரி. உங்கள் அதிர்வுக்கும் இதுதான் காரணம் என்று சந்தேகப்படுகிறேன்.

அப்புறம், வளையங்களை ஒட்டுமுன் கம்பியில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பசை கம்பியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். உளி வேண்டாம், கார்க் பிய்ந்துவிடும். 80 உப்புத்தாளில் தொடங்கி 120, 220 என்று போங்கள். தூசு பொல்லாதது, முகமூடி கட்டாயம்.